நறுக்கின் ஓரத்தில் எழுதியது

நான்காக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து, பாலித்தீன் கவருக்குள் இருந்தது அந்தச் செய்தி நறுக்கு. ஏஆர்டி மையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும் பச்சைப் புத்தகத்துக்குள்ளிருந்து அதை எடுத்தார். மாத்திரை கவுன்டரின் பலகை மேல் விரித்து, நான்கு மூலையையும் விரலால் நீவிவிட்டார். 2010, ஆடி மாதம். முகப்பருவுக்குக் கொடுக்கிற சாதாரண ஆன்டிபயாட்டிக் ஒன்று எச்ஐவி பெருகுவதைத் தடுக்கிறது, அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது செய்தி. மொத்தமே உள்ளங்கை அகலம்.

"ஏனுங்க மேடம், இது நெசந்தானுங்களா?"

அவர் லாரி ஓட்டுநர். நாமக்கல் பக்கமிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஏற்றிப் போகிறவர். நான் எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் அரசு ஏஆர்டி மையம் ஒன்றில் மருந்தாளுநராகச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த மாதத்து டப்பாவைக் கையில் கொடுப்போம். அவர் இரண்டு மாதமாக வரவில்லை. டப்பாவைக் கேட்டேன். 60 மாத்திரை டப்பாவில் 41 அப்படியே இருந்தது. கூடவே சட்டைப் பையிலிருந்து பாதி பிய்த்த அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். மினோசைக்ளின், 100 மில்லிகிராம்.

"இதை எங்கண்ணா வாங்குனீங்க?"

"போற வழியில ஒரு மெடிக்கல்லதாங்க. பேப்பரைக் காட்டுனேன், எடுத்துக் குடுத்துட்டாங்க. உங்க மாத்திரை வாய்ல வச்சாலே வாந்தி வருதுங்க. இதுல அது இல்லீங்க. ஆனா தலை சுத்துது. வளைவுல வண்டியத் திருப்புனா ரோடும் சேந்து சுத்துற மாதிரி இருக்குதுங்க."

தலைச்சுற்றல் மினோசைக்ளினின் தெரிந்த பக்கவிளைவுதான். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தொந்தரவு. இரவில் வாளையாறு தாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு உயிர் ஆபத்து.

நறுக்கில் இருந்தது பொய்ச் செய்தி என்றால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். எச்ஐவியை வேரோடு தீர்க்கிறோம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கம் உண்டு. இது நிஜமாக நடந்த ஆய்வு. நல்ல ஆய்வும்கூட. அன்றைக்கு அவருக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. "இந்த அட்டையை நிறுத்துங்க, நம்ம மாத்திரையைத் தொடருங்க, டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். நறுக்கைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். இன்றுவரை அந்த மருந்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஜானிஸ் கிளெமென்ட்ஸ் என்ற பேராசிரியரின் ஆய்வுக் குழு, எச்ஐவி மூளைக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதைப் பல வருஷமாக ஆராய்ந்து வந்தது. மினோசைக்ளின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் போகக்கூடியது. கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும். 2005-இல் அந்தக் குழு 11 பன்றிவால் குரங்குகளுக்கு, எச்ஐவியின் உறவுக்காரனான குரங்கு வைரஸைச் செலுத்தியது. 21-ஆம் நாளிலிருந்து ஐந்து குரங்குகளுக்கு மினோசைக்ளின் கொடுத்தார்கள், ஆறுக்குக் கொடுக்கவில்லை. 84 நாள் கழித்துப் பார்த்தபோது மருந்து சாப்பிட்ட குரங்குகளின் மூளையில் அழற்சியும் குறைவு, வைரஸும் குறைவு. மூளை பிழைத்தது எதிர்பார்த்ததுதான். வைரஸ் ஏன் குறைந்தது? பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு வைரஸிடம் என்ன வேலை?

அந்தக் கேள்விக்கான பதில்தான் 2010-இல் வந்த கட்டுரை. கிரிகரி ஸீட்டோ என்ற ஆராய்ச்சி மாணவர் முதல் ஆசிரியர். முடக்குவாத நோயாளிகளிடம் மினோசைக்ளின் டி-செல்களை அமைதிப்படுத்துகிறது என்று வேறு சிலர் செய்திருந்த ஆராய்ச்சியே இவர்களுக்குக் கிடைத்த நூல் முனை. அதைப் பிடித்துக்கொண்டு, மனித ரத்தத்திலிருந்து சிடி4 டி-செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து, மினோசைக்ளின் கொடுத்து, எச்ஐவியைச் செலுத்திப் பார்த்தார்கள்.

நான் பிறந்தது பள்ளிபாளையத்தில். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கினவள். அதனால் அந்தக் கட்டுரையை எனக்கு நானே தறியை வைத்துத்தான் விளக்கிக்கொண்டேன். வருகிறவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன். சிடி4 செல் ஒரு விசைத்தறி. பெரும்பாலான நேரம் ஓடாமல் சும்மா நிற்கும். உடம்புக்குள் ஏதாவது கிருமி வந்தால் சுவிட்சு விழும். செல்லுக்குள் கால்சியம் ஏறும், என்ஃபேட் என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பும், செல் பெருக ஆரம்பிக்கும். எச்ஐவிக்குச் சொந்தத் தறி கிடையாது. நம் மரபணுவுக்கு நடுவே தன் பாவைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கும். சுவிட்சு விழுந்ததும் நம் தறியிலேயே தன் துணியை நெய்துகொள்ளும். என்ஃபேட் வந்து உட்காரத் தோதான இடம் அந்த வைரஸின் மரபணுவிலும் இருக்கிறது.

நாங்கள் கொடுக்கும் கூட்டு மருந்து வைரஸின் கருவிகளைப் பிடித்து நிறுத்துகிறது. நின்றுபோன தறியில் பூட்டிக் கிடக்கும் பாவை அதனால் தொட முடியாது. மருந்தை விட்ட சில வாரங்களில் வைரஸ் திரும்பி வருவது அதனால்தான். இந்தத் தூங்கும் செல்களை அளந்தவர் அதே பல்கலைக்கழகத்து ராபர்ட் சிலிசியானோ. அவை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும், முழுக்க ஒழிய 70 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அவர் குழு கணக்குப் போட்டது. 2010 கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

மினோசைக்ளின் என்ன செய்தது? கரண்டைக் குறைத்தது. எழுப்புகிற சமிக்ஞையைக் கொடுத்தும் செல்கள் வழக்கம்போல் விழித்துக்கொள்ளவில்லை. என்ஃபேட் வழியாகப் போகும் உத்தரவு மங்கிப்போனது. புதிதாகத் தொற்றுவதும் குறைந்தது, தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் எழுந்து வருவதும் குறைந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எச்ஐவி தன்னைத் தாக்கும் எந்த மருந்துக்கும் தன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு தப்பப் பார்க்கும். மினோசைக்ளின் வைரஸைத் தொடவே இல்லை, அது குடியிருக்கிற செல்லைத்தான் தொடுகிறது. அதனால் வைரஸ் இதை எதிர்த்துப் பழகுவது கடினம் என்று கிளெமென்ட்ஸ் குழு சொன்னது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போதும் அப்படித்தான்.

அதே குழு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தது. இது கூட்டு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டிய துணை மருந்து. கூட்டு மருந்துக்குப் பதிலாக இதைப் போடச் சொல்லி யாரும் எழுதவில்லை. உள்ளங்கை அகல நறுக்கில் அந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போயிருந்தது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் 41 மாத்திரை மிச்சமாகியிருக்காது.

மினோசைக்ளினுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு இருக்கிறது. இது டெட்ராசைக்ளின் வம்சம். அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின், 1948-இல் நியூயார்க் மாநிலத்து லெடர்லி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அப்போது அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மினோசைக்ளினும் பின்னாளில் அதே நிறுவனத்தில்தான் பிறந்தது. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவியைக் கண்டறிந்த சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதே சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். சென்னையில் எடுத்த ரத்தத்தை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். தொழுநோயில் ஒரே ஒரு தேமல் மட்டும் உள்ளவர்களுக்கு ஒரே வேளையாகக் கொடுத்த மூன்று மருந்துகளில் மினோசைக்ளினும் ஒன்று என்பது பழைய சுகாதாரப் பணியாளர்களுக்கு நினைவிருக்கும்.

இனி நறுக்கில் வராத பாதி.

குரங்குகளின் மூளையைக் காத்த மருந்து மனிதர் மூளையையும் காக்குமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். எச்ஐவியால் ஞாபகமும் சிந்தனை வேகமும் குறைந்துகொண்டே வந்த 107 பேர் சேர்ந்தார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு 100 மில்லிகிராம், 24 வாரம் என்று திட்டம். ஒரு பாதிப் பேருக்கு மினோசைக்ளின், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. இடையில் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழு, தொடர்ந்தாலும் பலன் தெரியப் போவதில்லை என்று முன்கூட்டியே நிறுத்திவிட்டது. 2011-இல் முடிவு வெளியானது. மருந்தால் பெரிய கெடுதல் இல்லை, நினைவாற்றலில் முன்னேற்றமும் இல்லை. உகாண்டாவில், கூட்டு மருந்து இன்னும் ஆரம்பிக்காத 73 பேரிடம் அதே 24 வாரம் பார்த்தார்கள். அங்கேயும் அதே பதில். மருந்து ஆரம்பிக்காத சிலருக்கு மினோசைக்ளின் கொடுத்து, முதுகுத்தண்டு நீரில் வைரஸ் குறைகிறதா என்று நேரடியாக அளந்த சிறிய சோதனை ஒன்றும் 2011-இல் வெளியானது. குறையவில்லை.

தட்டில் நடந்தது மனிதருக்குள் ஏன் நடக்கவில்லை? தட்டில் செல்லைச் சுற்றி எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்பதை ஆராய்கிறவர் கை தீர்மானிக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் அதில் பெரும்பகுதி ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். குரங்குகளுக்குத் தொற்றி மூன்றாவது வாரமே மருந்து ஆரம்பித்தார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குத் தொற்று எந்த வருஷம் வந்தது என்றே தெரியாது. மூளையில் சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கலாம். இன்னொன்றையும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன். கரண்டைக் குறைத்தால் வைரஸின் துணி மட்டுமா நிற்கும்? நம் துணியும்தான் நிற்கும். காசநோய்க் கிருமி வரும்போது விழித்தெழ வேண்டிய செல்லும் அதே செல்தான். எச்ஐவி உள்ளவர்களை எங்கள் மையத்தில் அதிகம் கொண்டுபோனது காசநோய்.

ஆய்வைக் குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. செல்லின் உறக்கத்தைக் கலைக்காமலே வைரஸைக் கட்டிப்போட முடியுமா என்ற கேள்வி இன்றும் ஆய்வுக்கூடங்களில் உயிரோடு இருக்கிறது. இந்த வேலை அதில் ஒரு படி. என் மனத்தாங்கல் நம் செய்தித்தாள்களிடம்தான். 2010-இல் மினோசைக்ளின் செய்தியைப் போட்டவர்களில் ஒருவராவது 2011-இல் முடிவையும் போட்டார்களா என்று அந்தக் காலத்தில் நான் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. தெரிந்த பத்திரிகை நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "பலன் இல்லைங்கறது ஒரு செய்தியாக்கா? யார் படிப்பாங்க?" என்றார்.

நான் படிப்பேன். அந்த லாரிக்காரர் படிப்பார். ஞாபகம் நழுவிக்கொண்டிருந்த 107 பேர், தாங்கள் விழுங்குவது மருந்தா மாவா என்று தெரியாமலே வேளை தவறாமல் விழுங்கி, சோதனைத் தாள்களில் எண்ணையும் எழுத்தையும் சேர்த்துக் காட்டி, எங்களுக்கு ஒரு பதிலை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பதிலை அச்சிடாமல் விடுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஆன்டிபயாட்டிக்கால் எச்ஐவி உள்ளவர்களுக்கு நன்மையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோ-டிரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரை எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் எப்போதும் இருக்கும். செப்ட்ரான் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது எச்ஐவியைத் துளியும் தடுப்பதில்லை. நோய் எதிர்ப்பு குறைந்த உடம்பில் நுழையும் நிமோனியாவையும் மற்ற தொற்றுகளையும் தடுக்கிறது. ஜாம்பியாவில் எச்ஐவி உள்ள 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், கோ-டிரைமாக்சசோல் சாப்பிட்டவர்களில் 28 சதவீதம். அந்தச் சோதனையையும் முன்கூட்டியே நிறுத்தினார்கள். இவ்வளவு பலன் தெரிந்த பிறகு வெற்று மருந்து கொடுப்பது பாவம் என்று நிறுத்தினார்கள். 2004-இல் முடிவு வெளியானது. அதே 2004-இல்தான், ஏப்ரல் 1 அன்று, நம் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. செப்ட்ரானைப் பற்றிய நறுக்கை மடித்து எடுத்துக்கொண்டு என் கவுன்டருக்கு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. "இந்த வெள்ளை மாத்திரை எதுக்குங்க, வேண்டாங்களே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஆய்வுச் செய்தி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. எதில் சோதித்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தட்டில் வளர்த்த செல் என்றால் செல் என்று, குரங்கு என்றால் எத்தனை குரங்கு என்று எழுதுங்கள். "இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தக் கூடாது" என்ற வரிக்கு எப்பாடுபட்டாவது இடம் ஒதுக்குங்கள். அச்சுக்குப் போகும் முன் உங்கள் மாவட்டத்து ஏஆர்டி மையத்துக்கு ஒரு போன் போட்டால் நாங்கள் பதில் சொல்வோம். செய்தி போட்ட மருந்தின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை அது என்ன ஆயிற்று என்று தேடிப் பாருங்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் என் சக தொழில்காரர்களுக்கும் ஒன்று: செய்தித்தாள் மருந்துச் சீட்டாகாது. மாதக்கணக்கில் மினோசைக்ளின் விழுங்கினால் எச்ஐவி அசையாது, வயிற்றில் உள்ள பாக்டீரியாக்கள் மட்டும் அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

அந்த அண்ணனுக்கு அப்போது நாங்கள் கொடுத்தது ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. விட்டுவிட்டுச் சாப்பிடுவதற்கு அதைவிட மோசமான மருந்து இல்லை. நிறுத்தினால் மற்ற இரண்டும் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும், நெவிரபின் மட்டும் நாள் கணக்கில் தங்கும். தனியாக மாட்டிய ஒரே மருந்தை எச்ஐவி ஒரே ஒரு மாற்றத்தில் தோற்கடித்துவிடும். அவர் உடம்பில் அதுதான் நடந்தது. மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டும் அடுத்த வருஷம் சிடி4 140-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் வரிசை மருந்துக்காகத் தாம்பரத்துக்கு அனுப்பினோம். நாமக்கல்லிலிருந்து ராத்திரி பஸ், காலையில் வரிசை, குழு பார்த்து ஒப்புதல், திரும்ப ராத்திரி பஸ். லோடு போக முடியாத நாளுக்குக் கூலி இல்லை. அவர் மனைவி ஒரு தடவை என்னிடம், "பேப்பர்ல போட்டிருந்துச்சேங்க, பேப்பர்ல பொய் போடுவாங்களா?" என்று கேட்டார். பொய் இல்லைங்கக்கா, பாதி என்று சொன்னேன்.

அவர் இருக்கிறார். இப்போது லாரி ஓட்டுவதில்லை, சைஸிங் மில்லில் வாட்ச்மேன். மாதம் தவறாமல் வருகிறார், டப்பாவை அவரே திறந்து எண்ணிக் காட்டுகிறார்.

நறுக்கு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது. செய்திக்குக் கீழே விரல் அகலம் வெள்ளை இடம் இருந்தது. அதில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 107 பேர், 24 வாரம், பலன் தெரியவில்லை. யாராவது புது நறுக்கோடு வந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.